தொற்றுநோய் ஆய்வகத்தில் இரண்டு மாதம்: முதல் தலைமுறை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிறு நகரத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் எடுக்கிறேன். தீபாவளி முடிந்த வாரத்தில் ஸ்டாஃப் ரூம் வாசலில் நான்கைந்து பேர் வந்து தயங்கி நிற்பார்கள். "மேம், சம்மர்ல பெரிய லேப் எதுலயாவது சேர முடியுமா?" வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவர்கள், விடுமுறையில் ஜவுளிக்கடைக்கோ நூற்பாலைக்கோ வேலைக்குப் போகிறவர்கள். இவர்கள் ஒவ்வொரு ஆண்டும் கேட்பதையும் நான் சொல்லும் பதிலையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சி என்றால் என்ன? கல்லூரி பிராக்டிகலையே இன்னும் பெரிதாகச் செய்வதா?

பிராக்டிகலில் விடை முன்கூட்டியே தெரியும். கிராம் ஸ்டெயின் என்ற சாயச் சோதனை போட்டால் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா ஊதாவாக வர வேண்டும். வராவிட்டால் பக்கத்து மேசை ஸ்லைடைப் பார்த்து வரைந்துவிடுவோம். (நானும் வரைந்தவள்தான்.) ஆய்வகத்தில் பக்கத்து மேசையிலும் விடை இருக்காது, உங்களுக்கு வேலை கொடுத்தவருக்கும் தெரியாது. அப்படி ஒரு இடத்தில் ஆறு முதல் எட்டு வாரம் உட்கார்ந்து, ஒரு பெரிய ஆய்வின் சிறு துண்டை எடுத்துச் செய்வதுதான் இந்தப் பயிற்சி.

தொற்றுநோய் ஆய்வுக்கு டெல்லி, பெங்களூரு போய்த்தான் ஆக வேண்டுமா?

போகலாம். ஆனால் தொற்றுநோய் ஆராய்ச்சியில் நம் ஊர்ப்பக்கம் யாருக்கும் இளைத்ததில்லை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் 1899இலிருந்து இருக்கிறது. செங்கல்பட்டில் மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நோய்க்கடத்திகள் (கொசு போல நோயைப் பரப்புபவை) கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், அதன் மதுரைப் பிரிவு, வேலூர் சிஎம்சி, சென்னை சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சேத்துப்பட்டு நிறுவனம் 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு. சென்னையின் நெரிசலான குடிசைகளில் இருந்த ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் மறு பிரிவை வீட்டிலேயும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குணமாவதில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் வைத்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவுதான் உலகம் முழுக்கக் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட வழிவிட்டது. உங்கள் தெருவில் யாராவது டிபி மாத்திரையை வீட்டில் வைத்துச் சாப்பிட்டுக் குணமாகியிருந்தால், அதற்குப் பின்னால் சேத்துப்பட்டு இருக்கிறது.

எந்தெந்தத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம்?

பி.எஸ்சி., எம்.எஸ்சி. மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம். பெங்களூருவில் இருக்கும் இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியின் இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜின் தேசிய அறிவியல் அகாடமி ஆகியவைதான் அந்த மூன்று. தேர்வானால் நாட்டில் எங்கோ ஒரு விஞ்ஞானியிடம் எட்டு வாரம், உதவித்தொகை உண்டு. பெங்களூரு ஜக்கூரில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையமும் தனியாகக் கோடைத் திட்டம் நடத்துகிறது. மலேரியா ஒட்டுண்ணியில் வேலை செய்தவர்கள் அங்கே உண்டு.

எம்பிபிஎஸ், பல் மருத்துவ மாணவர்களுக்கு ஐசிஎம்ஆரின் குறுகிய கால மாணவர் உதவித்தொகை. 1979இலிருந்து நடக்கிறது, இரண்டு மாதம். நீங்களே ஒரு வழிகாட்டியைப் பிடித்து, திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். முடித்து அறிக்கை கொடுத்து, அது ஏற்கப்பட்ட பிறகே பணம் கைக்கு வரும். கடன் வாங்கிச் செலவு செய்கிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, நேரடியாக விஞ்ஞானிக்கு மெயில் எழுதுவது. என் மாணவர்களில் பாதிப்பேர் இப்படிப் போனவர்கள்தான்.

கடைசித் தேதிகள் பெரும்பாலும் கார்த்திகை, மார்கழிக்குள் முடிந்துவிடும். ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் தேடுவோம் என்று இருந்தால் அடுத்த ஏப்ரல்தான்.

மெயில் எழுதினால் பதிலே வருவதில்லையே?

போன வருடம் ஒரு பையன் தான் அனுப்பிய மெயிலைக் காட்டினான். எழுபது பேருக்கு ஒரே மெயில், எழுபது முகவரியும் மேலே வரிசையாகத் தெரிகிறது. "ரெஸ்பெக்டட் சார்" என்று ஆரம்பம். அந்த எழுபதில் குறைந்தது இருபது பேர் பெண்கள். "உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்" என்று இரண்டு முறை. எந்த நிறுவனம் என்று ஒரு முறைகூட இல்லை. இதற்கு யார் பதில் போடுவார்கள்?

நான் சொல்லிக் கொடுப்பது இது. பத்து பேரை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரும் கடைசி மூன்று ஆண்டுகளில் எழுதிய ஒரு கட்டுரையைப் பப்மெட் என்ற இணையத் தேடுதளத்தில் தேடி எடுங்கள். முழுக்கப் புரியாது, பரவாயில்லை. செய்முறைப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள், நமக்குத் தெரிந்த டெக்னிக் ஏதாவது கண்ணில் படும். பிறகு எழுதுங்கள்: நான் இன்ன கல்லூரியில் இன்ன வருடம் படிக்கிறேன். உங்கள் இன்ன கட்டுரையில் கொசுப்புழுக்களை இப்படிப் பிரித்தது எனக்குப் பிடித்தது, அதில் இது எனக்குப் புரியவில்லை. என் கைக்குத் தெரிந்த வேலை இவை. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வர முடியும். தங்குமிடம் நானே பார்த்துக்கொள்வேன், அல்லது ஹாஸ்டல் தேவைப்படும். முடிந்தது. பத்து வரியைத் தாண்ட வேண்டாம்.

"புரியவில்லை" என்று எழுதப் பயப்படுகிறார்கள். பதில் வந்த மெயில்களில் பெரும்பாலானவற்றில் அந்த வரி இருந்தது.

இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் இல்லையென்றால் அடுத்தவர். மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள், அவர்களுக்கு அப்படி நூறு மெயில் வருகிறது.

அரியர் இருக்கிறது. மதிப்பெண் அறுபத்திரண்டு சதவீதம்தான். விண்ணப்பிக்கலாமா?

அகாடமித் திட்டங்களில் போட்டி அதிகம், மதிப்பெண் பேசும். நேரடி மெயிலில் அவ்வளவாகப் பேசாது. அரியரை மறைக்க வேண்டாம், விளக்கவும் வேண்டாம். கேட்டால் சொல்லுங்கள்.

இங்கிலீஷ் பேச வராது மேம்.

ஆய்வகத்தில் முதல் வாரம் யாருக்கும் பேச நேரம் இருக்காது. இரண்டாவது வாரம் உங்களுக்கு மைக்ரோபிபெட் (மிகச் சிறு அளவு திரவத்தை உறிஞ்சி எடுக்கும் கருவி) பிடிக்கக் கற்றுக்கொடுத்த பிஎச்.டி. அக்கா திருநெல்வேலிக்காரர் என்று தெரியவரும். ஆனால் வாரக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசச் சொல்வார்கள், அது ஆங்கிலத்தில்தான். அதற்கு ஒரு வழி: வரும் முடிவுகளை அன்றன்றே மூன்று எளிய வாக்கியமாக நோட்டில் எழுதுங்கள். என்ன செய்தேன், என்ன வந்தது, நாளை என்ன செய்வேன். எட்டு வாரம் எழுதினால் பேசவும் வந்துவிடும். இலக்கணம் பிசகினால் யாரும் சிரிப்பதில்லை. சிரித்தால், சிரித்தவரை அங்கேயே மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், பெரும்பாலும்.

"டிபி ஆஸ்பத்திரியிலயா வேலை? புள்ளைக்கு ஒட்டிக்கிட்டா?" என்று அப்பா கேட்கிறார்.

நியாயமான கேள்வி, அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

கிருமிகளின் ஆபத்தைப் பொறுத்து ஆய்வகங்களுக்கு நான்கு பாதுகாப்பு நிலைகள் உண்டு. காசநோய்க் கிருமியை உயிருடன் வளர்த்துக் கையாளும் வேலை மூன்றாம் நிலை ஆய்வகத்தில் நடப்பது. உள்ளே காற்று வெளியே கசியாதபடி அழுத்தம் குறைத்து வைத்திருப்பார்கள், இரட்டைக் கதவு, தனி உடை, தனி முகக்கவசம். இரண்டு மாதத்துக்கு வரும் இளநிலை மாணவரை அதற்குள் விடமாட்டார்கள். அதற்குப் பயிற்சியே மாதக்கணக்கில். உங்கள் பிள்ளை கையில் வருவது ஏற்கெனவே கொல்லப்பட்ட கிருமியின் டிஎன்ஏ, சூட்டில் நிலைப்படுத்திய ஸ்லைடு, நோயாளியின் பெயர் நீக்கிய தரவு இவைதான்.

ரத்த மாதிரிகளைத் தொடும் ஆய்வகமாக இருந்தால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறு மாதம் கழித்து மூன்றாவது. மே மாதம் ஆய்வகத்துக்குப் போக நவம்பரிலேயே தொடங்க வேண்டும். இதை ஏப்ரல் கடைசியில்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

சொல்லிக் கொடுத்தபடி செய்யாமல் குறுக்கு வழி போகிறவருக்குத்தான் ஆபத்து. கையுறையோடு போனை எடுப்பது, பெஞ்சில் டீ வைப்பது, ஊசியைத் திரும்ப மூடியில் செருகுவது. இந்த மூன்றையும் செய்யாதிருந்தாலே போதும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் பார்த்த திட்டுகளில் முக்கால்வாசி இவற்றுக்காக வாங்கியவை.

அங்கே என்னதான் வேலை கொடுப்பார்கள்?

முதல் சில நாள் தண்ணீர். உண்மையாகவே தண்ணீர்தான். மைக்ரோபிபெட்டில் நூறு மைக்ரோலிட்டர் தண்ணீர் எடுத்துத் தராசில் விட வேண்டும், நூறு மில்லிகிராம் காட்ட வேண்டும். கட்டைவிரலை முதல் தடை வரை அழுத்தி, நுனியைத் தண்ணீரில் வைத்து, மெதுவாக விட வேண்டும். சட்டென்று விட்டால் காற்று ஏறும், எடை தொண்ணூற்றொன்று காட்டும். இது வெறும் சடங்கு என்று நினைப்பீர்கள். பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல மடங்காக நகலெடுக்கும் முறை) ஒரு மைக்ரோலிட்டர் போடும் நாள் வரும்போது தெரியும்.

காசநோய்ப் பக்கம் போனால் சளி ஸ்லைடு. கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் சுடரைக் காட்டி, ஆவி எழும்வரை சூடாக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. அமிலத்தில் கழுவினால் மற்றதெல்லாம் சிவப்பை விட்டுவிடும், காசநோய்க் கிருமி விடாது. மெத்திலீன் நீலம் போட்டுப் பார்த்தால் நீல வெளியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள். ஒன்றைப் பார்த்துவிட்டால் குதிக்கத் தோன்றும். ஒன்றும் தெரியாத ஸ்லைடுதான் கஷ்டம்: நூறு காட்சிப்புலம் (நுண்ணோக்கியில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டம்) பார்த்த பிறகே "நெகட்டிவ்" என்று எழுதலாம். எழுபதாவதில் கண் பொங்கும்.

கொசுப் பக்கம் போனால் வெயில். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்தட்டு என்று ஊர் ஊராகத் தேடிப் புழுவை உறிஞ்சி எடுக்க வேண்டும். நீர்ப்பரப்போடு படுத்தவாக்கில் மிதந்தால் அனாபிலிஸ். வாலில் நீண்ட குழாயோடு தலைகீழாகத் தொங்கினால் கியூலெக்ஸ். குட்டையான குழாயோடு தொங்கினால் ஏடிஸ், அதாவது டெங்குக் கொசு. வீட்டுத் தொட்டியில் ஏதாவது தெரிகிறதா என்று இன்றே பாருங்கள், செலவில்லாத பயிற்சி.

எட்டு வாரத்தில் எதையாவது கண்டுபிடித்துவிட முடியுமா?

காசநோய்க் கிருமி முட்டை கலந்த பச்சை நிற எல்.ஜே. மீடியம் என்ற வளர்ப்பு ஊடகத்தில் வளரும். மெதுவாக. ஒன்று இரண்டாகப் பிரிய ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். ஒரு குழாயில் எதுவும் முளைக்கவில்லை என்று அறிவிக்க எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். உங்கள் மொத்தப் பயிற்சிக் காலமும் ஒரே ஒரு "இல்லை"க்குச் சரியாகப் போகிறது. தொழுநோய்க் கிருமி இன்னும் மோசம், செயற்கை மீடியம் எதிலும் இன்றுவரை வளர்க்க முடியவில்லை.

மாணவர்கள் பெரியதைக் கண்டுபிடித்ததே இல்லையா என்றால், உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவியாக இருந்தவர் செல்லப்பன் நிர்மலா. சிறு ஊரிலிருந்து வந்தவர், குழந்தைகளும் உண்டு. இந்தியாவில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று தேடிப்பார் என்று பேராசிரியர் சுனிதி சாலமன் சொல்ல, அதை ஆய்வேட்டுத் தலைப்பாக எடுத்துக்கொண்டார். சென்னையில் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்தார். வைக்க இடமில்லை, தன் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார். சோதிக்கும் வசதி வேலூர் சிஎம்சியில் இருந்தது. மாதிரிகளை எடுத்துக்கொண்டு ரயிலேறினார். ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். ஹெச்ஐவி இந்தியாவுக்கு வந்துவிட்டது என்பது இப்படித்தான் தெரிந்தது.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் கைதட்டுகிறார்கள். கூடவே ஒன்றையும் சொல்வேன்: எதற்கான சோதனை என்று சொல்லாமல் இன்று யாரிடமும் ரத்தம் எடுக்க முடியாது. எழுத்துப்பூர்வமான சம்மதம், நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் அனுமதி இரண்டும் வேண்டும். அந்த அனுமதிக்கே சில மாதம் ஆகலாம். எனவே நோயாளிகளிடமிருந்து புதிதாக மாதிரி சேகரிக்கும் யோசனையோடு கோடைக்குப் போகாதீர்கள்.

எனக்கு முடிவே சரியாக வரவில்லை. நேரம் வீணா?

என் மாணவி ஒருத்தி ஒரு இரவு போன் செய்தாள், குரல் உடைந்திருந்தது. "மேம், டிஎன்ஏ போடாத குழாய்லயும் பேண்டு வருது." டிஎன்ஏ போடாத பிசிஆர் குழாயில் கோடு (பேண்டு) வருகிறதென்றால் எங்கோ கலப்படம், அதுவரை வந்த எந்த முடிவையும் நம்ப முடியாது. தண்ணீரை மாற்றினாள், வந்தது. பிரைமரை (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) மாற்றினாள், வந்தது. ஒன்பது நாள் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனாள். கடைசியில் பார்த்தால், பிசிஆர் முடிந்த கரைசலைக் கோடு பார்க்க ஜெல்லில் ஏற்றும் அதே பிபெட்டைத்தான் புதிய கலவை தயாரிக்கவும் எடுத்திருக்கிறாள். பிபெட்டின் கழுத்துக்குள் பழைய டிஎன்ஏ.

அந்த ஒன்பது நாளும் நோட்டில் தேதியோடு இருந்தது, அவள் எம்.எஸ்சி. நேர்முகத்தில் பேசியது முழுக்க அதைப் பற்றித்தான். இடம் கிடைத்தது.

இரண்டு மாதம் சம்பாதிக்காமல் இருக்க வீட்டில் முடியாது.

இதுதான் உண்மையான தடை, மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான். நேரடியாக மெயில் போட்டுச் சேரும் இடங்களில் பெரும்பாலும் காசு தர மாட்டார்கள். அப்படியானால் வீட்டில் இருந்தே போய்வரும் தூரத்தில் தேடுங்கள்: அருகில் இருக்கும் மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறை, கால்நடை மருத்துவக் கல்லூரி, மாவட்டப் பொதுச் சுகாதார ஆய்வகம். உதவித்தொகை தரும் திட்டத்திலும் பணம் தாமதமாக வரலாம், முதல் மாத மெஸ் செலவைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். சில கல்லூரிகளில் முன்னாள் மாணவர் சங்கம் உதவும். கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் ஆசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள், எங்களுக்குக் கூச்சம் போய் ரொம்ப நாளாகிறது.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்கிறார்கள்.

வாதாடிப் பயனில்லை. ஹாஸ்டல் கடிதத்தைக் காட்டுங்கள், வார்டன் எண்ணைக் கொடுங்கள், முதல் நாள் அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போங்கள். என் அனுபவத்தில், ஆய்வக வாசலில் வெள்ளைக் கோட்டோடு நாலு பெண்களைப் பார்த்த பிறகு பாதி அப்பாக்கள் சாப்பாடு எப்படி என்பதைத்தான் கேட்கிறார்கள்.

நான் எந்த ஊர், எந்தச் சாதி என்று பார்ப்பார்களா?

சேர்க்கையில் பெரும்பாலும் இல்லை. சேர்ந்த பிறகு ஜாடையாக விசாரிப்பவர்கள் உண்டு, "உங்க சைடு என்ன?" என்று சுற்றி வளைப்பார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம், சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. அதைத் தாண்டிப் போனால் தேதி போட்டு எழுதி வையுங்கள், அங்கே இருக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவுக்கு எழுதுங்கள், அன்றே எனக்கும் சொல்லுங்கள். "சின்ன விஷயம்" என்று விழுங்கிவிட்டு ஊர் திரும்பிய ஒருவனை எனக்குத் தெரியும். அவன் பிறகு எந்த ஆய்வகத்துக்கும் விண்ணப்பிக்கவில்லை.

ஆன்லைனில் காசு கட்டினால் "ஆராய்ச்சிப் பயிற்சி" சான்றிதழ் தருகிறார்களே?

வேண்டாம். நாலு வீடியோ, ஒரு வண்ணச் சான்றிதழ். எங்கள் துறையில் மூன்று பேர் ஆளுக்கு மூவாயிரம் கட்டி வாங்கி வந்தார்கள், நேர்முகத்தில் "மாஸ்டர் மிக்ஸில் (பிசிஆர் கலவை) என்னென்ன போட்டாய்?" என்ற முதல் கேள்விக்கே மூவரும் மௌனம்.

அமெரிக்காவில் "குறைந்த பிரதிநிதித்துவம்" உள்ள மாணவர்களுக்கென்று இப்படித் திட்டங்கள் இருக்கின்றனவாமே, நாங்கள் போகலாமா?

அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987இலிருந்து இளநிலை மாணவர்களுக்குக் கோடை ஆராய்ச்சித் திட்டம் நடத்துகிறது, ஏறத்தாழ பத்து வாரம். அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கு மட்டுமே, இங்கிருந்து விண்ணப்பிக்க முடியாது. அங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனங்கள் முன்பு தந்த விளக்கப்படி "குறைந்த பிரதிநிதித்துவம்" என்ற சொல் முக்கியமாகக் கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், பூர்வகுடியினர் ஆகியோரைக் குறித்தது. மாற்றுத்திறனாளிகள், பெற்றோர் பட்டம் பெறாத ஏழைக் குடும்பத்தினர் ஆகியோரும் அதற்குள் வந்தார்கள். ஆக, அந்த விளக்கப்படி இந்திய வம்சாவளி என்பதற்காக இடம் கிடைக்காது, பொருளாதார நிலையால் கிடைக்கலாம் என்று இருந்தது. 2025இல் அந்த நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கோடைப் பயிற்சியையே அந்த ஆண்டுக்கு ரத்து செய்தன. எனவே அங்கிருக்கும் உறவினர் கேட்டால், ஒன்றை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கிளம்பும் முன் என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

கல்லூரியின் தடையில்லாச் சான்று, போனஃபைடு, ஆதார் நகல், தடுப்பூசி அட்டை, முழங்கால் வரை வரும் பருத்திக் கோட் இரண்டு, விரல் மூடிய செருப்பு அல்லது ஷூ. கட்டிய நோட்டு ஒன்று, தனித்தாள் கூடாது. கடைசி நாளில் அந்த நோட்டு ஆய்வகத்துக்குச் சொந்தம், கேட்டு அனுமதி வாங்கி நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தடையில்லாச் சான்றில் எங்கள் முதல்வர் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் கையெழுத்துப் போடமாட்டார், உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது இருக்கும், விசாரித்து வையுங்கள்.